நாலாவது வளைவுல நின்னுபோன நானூத்தி ஏழு

மார்கழி மாசம், விடிஞ்சும் விடியாத நேரம், காரவள்ளி தாண்டி கொல்லிமலை ஏறிக்கிட்டு இருக்கோம், நானும் கிளீனர் தம்பியும். மேல செம்மேட்டுப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏத்தி கீழ சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கொண்டு வரணும், வண்டி டாடா 407 சின்ன லாரி, போறப்ப காலி, பின்னாடி சாக்கு மட்டும்தான். மலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, அதுல நாலாவது. ஃபர்ஸ்ட் கியருக்கு மாத்தி கிளட்சை விட்டு ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திரும்பறப்ப காலுக்கு அடியில "டக்"னு ஒரே ஒரு சத்தம், யாரோ சுத்தியலால பெல் ஹவுசிங்ல (கிளட்சை மூடியிருக்கற கூடு) ஒரு போடு போட்ட மாதிரி. அவ்வளவுதான். இன்ஜின் "ஙொய்ய்"னு ரேஸ் ஏறுது, வண்டி ஏறல. ஏறாம நின்னாக்கூட பரவால்ல, பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு.

பிரேக்கை மிதிச்சேன், நின்னுச்சு. இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணல, ஏன்னா இந்த வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வேணும், அது இன்ஜின் ஓடினாத்தான் வரும், ஆஃப் பண்ணிட்டா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு "கட்டை, கட்டை"ன்னு நான் கத்தி முடிக்கறதுக்குள்ள தம்பி குதிச்சு ரெண்டு பின் சக்கரத்துக்கும் கட்டையைச் சொருகிட்டான். இதுவே லோடு ஏத்திட்டு இறங்கறப்ப ஆகியிருந்தா இன்ஜின் பிரேக்கே இல்லாம வெறும் கால் பிரேக்கை நம்பி 70 வளைவு. அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

கொஞ்சம் முன்கதை சொல்லணும். பழைய இன்ஜின் தேஞ்சுபோச்சு, ஆயில் மூடியைக் கழட்டினா அடுப்பு மாதிரி புகை தள்ளும், லிட்டர் கணக்குல ஆயில் குடிக்கும். சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டு பிஸ்டன் மாத்தற செலவையும், நல்லா ஓடற பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கற செலவையும் கூட்டிக் கழிச்சுப் பாத்து ரெண்டாவதுக்கே போயிட்டேன். அதே 497 இன்ஜின்தான், அதே டைப். (தெரியாதவங்களுக்கு: 4ன்னா நாலு சிலிண்டர், 97ன்னா போர், அதாவது சிலிண்டர் விட்டம், 97 மி.மீ. ஸ்ட்ரோக் 100 மி.மீ. பெருக்கிப் பாத்தா 2,956 சிசி சரியா வரும். பெரிய லாரியில இருந்த 697ம் அதே கணக்குதான், ஆறு சிலிண்டர், அதே 97.) ஆர்டிஓ அனுமதி, ஆர்சியில இன்ஜின் நம்பர் மாத்தறதுன்னு அது ஒரு தனி அலைச்சல், இங்க எழுதினா இந்தப் பதிவு முடியாது.

இன்ஜினை நானும் பட்டறை அண்ணனும் தம்பியும் சேந்துதான் மாத்தினோம். அண்ணன் பாதி நாள் வேற வண்டியில படுத்திருந்தாரு, அதனால நெறைய வேலை நானே செஞ்சேன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மாத்தினதுக்கு அப்புறம் இன்ஜின் ஓடின ஓட்டம் இருக்கே, அப்படி ஒரு பதம். 19 நாள் ஓடுச்சு, மீட்டர்ல ஏறினது கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர். 20ஆவது நாள்தான் இந்த "டக்".

ரோட்டுல நின்னா எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும்ல. பின்னாடி வந்த பிக்கப்காரரு இறங்கி வந்து "ஆக்ஸில் கட்டுங்ணா"ன்னாரு. பால் வண்டிக்காரரு கிரௌன் (பின் ஆக்ஸிலுக்கு நடுவுல இருக்கற பெரிய பல் சக்கரம்) பல்லு போயிருச்சுன்னாரு. போன்ல பட்டறை அண்ணனைப் பிடிச்சா கியர் பாக்ஸா இருக்கும்ங்கறாரு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது, இதுல கியர் பாக்ஸ்னா பணம் எங்க போவேன். ஆனா எதையும் கழட்டாமலே இதைப் பாதிக்குப் பாதி வெட்டிட்டே வரலாம், அதைத்தான் அங்க செஞ்சோம்.

முதல்ல புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற நீளத் தண்டு. இன்ஜின் சக்தி போற வழியில அதுதான் நடுவுல இருக்கு, வெளியில இருந்து கண்ணுக்கும் தெரியும். கட்டை நல்லா கடிச்சிருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, தம்பியை ரோட்டோரம் சாக்கடைப் பக்கமா குத்த வச்சு டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னேன், அடியில பூரக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டுத்தான். நான் ஃபர்ஸ்ட் கியர் போட்டு கால் பிரேக்ல ஒரு கால் வச்சுக்கிட்டே கிளட்சை மெதுவா விட்டேன். "சுத்தலைண்ணா, சும்மா கிடக்குது"ன்னான். ஷாஃப்ட் சுத்தி சக்கரம் சுத்தலைன்னா ஆக்ஸில் இல்லாட்டி கிரௌன். ஷாஃப்டே சுத்தலைன்னா அந்த ரெண்டு பேரையும் விட்டுரலாம், கோளாறு முன்னாடி இருக்கு. பிக்கப்காரரு நம்பல, ஆக்ஸிலை உருவிப் பாத்துரலாம்ங்கறாரு. உருவலாம்தான், ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில், ஹப் போல்டைக் கழட்டினா சக்கரத்தைத் தொடாமலே வெளிய வந்துரும், ஆனா அந்தச் சரிவுல ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் தவிர வண்டியைப் பிடிக்க ஒண்ணுமில்ல. வேணாம்ணு சொல்லிட்டேன்.

அடுத்தது, இதுதான் எனக்குப் பிடிச்ச டெஸ்ட். இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு, கிளட்சை மிதிக்காம கியர் லீவரைத் தள்ளினேன். சாதாரணமா "கர்ர்ர்"னு பல்லைக் கடிக்கும், கை அதிரும். இது வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி விழுது. ஃபர்ஸ்ட், செகண்ட், ரிவர்ஸ், எதைக் கேட்டாலும் குடுக்குது. அப்படின்னா இன்ஜினுக்கும் கியர் பாக்ஸ் டாப் ஷாஃப்டுக்கும் (கிளட்ச்ல இருந்து கியர் பாக்ஸுக்குள்ள போற ஷாஃப்ட்) நடுவுல சம்பந்தமே அத்துப்போச்சு, அந்த ஷாஃப்ட் அனாதையா நிக்குது. கியர் பாக்ஸுக்கு உள்ள எதாவது உடைஞ்சிருந்தா இப்படி எல்லா கியரும் நோகாம விழாது, எங்கயாவது ஒரு இடத்துல உறுமும்.

கிளட்ச் வெறுமனே ஸ்லிப் ஆகுதான்னா அதுவும் இல்ல. ஸ்லிப் ஆகறது ஒரு நாள்ல வராது, மேட்டுல ரேஸ் ஏறி வண்டி சோம்பும், கிளட்ச் பிளேட் மேல இருக்கற லைனிங் கருகுற அந்த நாத்தம் வரும், அந்த நாத்தத்தை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான். இங்க ஒரு வாடையும் இல்ல. பெடலும் எப்பவும் போல அதே கனம், அதே உசரத்துல பிடிக்குது, அப்ப பெடல் தள்ளற ஃபோர்க்கு, கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோட (இன்ஜின் பின்னாடி சுத்தற கனத்த சக்கரம்) அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. ஆக மிச்சம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு கிளட்ச் பிளேட்டோட நடு ஹப்பு பிஞ்சிருக்கணும், இல்ல ஹப்புக்குள்ள இருக்கற பல்லு, அதான் ஸ்ப்ளைன், மொட்டையாகி ஷாஃப்ட் மேல வழுக்கணும்.

ஒன்பது மணிக்கு மாமா அவரோட வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. சங்கிலி போட்டு மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பி, இரும்பு ராடு மாட்டி, அவரு ஃபர்ஸ்ட் கியர்லயே இறங்க நான் பின்னாடி இன்ஜினை ஓட விட்டுக்கிட்டு பிரேக்கை மட்டும் பாத்துக்கிட்டேன். நாலு வளைவு இறங்க முக்கா மணி நேரம். "மாப்ளே, தூங்கிறாதீங்க"ன்னு ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடியில கையைக் காட்டி ஒரு கத்து.

காரவள்ளியில டீக்கடைப் பக்கம் சமதளத்துல நிறுத்தி புரொப்பல்லர் ஷாஃப்டைப் பின்பக்கம் கழட்டினோம். இது ரெண்டு காரியத்துக்காக. வண்டியை ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டுப் போறப்ப சக்கரம் சுத்தி, ஷாஃப்ட் வழியா கியர் பாக்ஸ் பின் ஷாஃப்டைச் சுத்தும், ஆனா டாப் ஷாஃப்டும் கீழ இருக்கற லே ஷாஃப்டும் சும்மா நிக்கும், அதுங்கதான் ஆயிலை வாரி மேல இறைக்கறது, ஆக மேல இருக்கற பேரிங் காஞ்சுபோய் ஓடும். நல்ல கியர் பாக்ஸை நாமளே இழுத்துட்டுப் போய்க் கெடுக்கற வேலை அது. ரெண்டாவது, கழட்டின ஷாஃப்டைக் கையால சுத்திப் பாக்கலாம். இன்ஜினை ஆஃப் பண்ணி டாப் கியர் போட்டுட்டு நான் சுத்தினேன். நல்ல வண்டியா இருந்தா இன்ஜின் கம்ப்ரஷன் பிடிச்சுக்கும், அசைக்க முடியாது. இது ராட்டினம் மாதிரி சுத்துது. தம்பி ஃபோர்க் ஜன்னல் வழியா போன் டார்ச்சை அடிச்சுப் பாத்துட்டு, "அண்ணா, உள்ள கம்பி சுத்துதுண்ணா, வெளிய இருக்கற தட்டு சுத்தல"ங்கறான். கம்பிங்கறது டாப் ஷாஃப்ட், தட்டுங்கறது பிரஷர் பிளேட். சரி, நான் சுத்தறது டாப் ஷாஃப்ட் வரைக்கும் போகுது, அப்ப கியர் பாக்ஸ் உயிரோட இருக்கு. அந்த டீக்கடை பெஞ்சுல உக்காந்து ரெண்டு வடை சேத்துத் தின்னேன், அதுவரைக்கும் டீ கூட இறங்கல.

பட்டறைக்குக் கொண்டு வந்து மத்தியானமே செயின் பிளாக் போட்டு கியர் பாக்ஸை இறக்கியாச்சு. பிரஷர் பிளேட்டைக் கழட்டினதும் கிளட்ச் பிளேட் ரெண்டு துண்டா கையில வந்துச்சு. நடு ஹப் தனி, சுத்தி இருக்கற லைனிங் பிளேட் தனி, உளுந்து வடை மாதிரி நடுவுல ஒரு ஓட்டையோட. லைனிங்கைப் பாத்தா புதுசு மாதிரி இருக்கு, கம்பெனி அச்சு கூட அழியல. பிளைவீல் முகத்துல நீலத் திட்டு ஒண்ணும் இல்ல, அப்ப சூடே ஆகல.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. 19 நாள் முன்னாடி போட்ட பிளேட்டு! டூப்ளிகேட்டைத் தள்ளி விட்டுட்டாங்கன்னு அப்பவே கெளம்பி ஸ்பேர் கடைக்குப் போய்க் கத்திட்டு வந்தேன். கடைக்காரரு பில்லைப் பாத்தாரு, பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, "மலையில ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு இழுத்தா பிய்யத்தான் செய்யும்"னு ஒரு வார்த்தை விட்டாரு. அதுல எனக்கு இன்னும் ஏறுச்சு, ஏன்னா அது தப்பு. கியர் பெருக்கறது எல்லாம் கிளட்சுக்குப் பின்னாடிதான் நடக்குது. இன்ஜின் என்ன முறுக்கு குடுக்குதோ அதுதான் பிளேட்டுக்கு, ஃபர்ஸ்டா இருந்தாலும் டாப்பா இருந்தாலும். ஃபர்ஸ்ட் கியர்ல கூடுதல் சுமை வாங்கறது புரொப்பல்லர் ஷாஃப்டும் கிரௌனும் ஆக்ஸிலும். முறுக்கு தாங்கலைன்னா பிளேட்டு முதல்ல வழுக்கித்தான் காட்டும். ஆனா நான் சொன்ன டூப்ளிகேட்டும் தப்புன்னு அன்னைக்குச் சாயந்தரம் தெரிஞ்சுது, இன்னும் அந்தக் கடைக்காரர் மொகத்தைப் பாக்க எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

பட்டறை அண்ணன் அந்தப் பிளேட்டை வெயில்ல வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. ஒடைஞ்ச வாயைத்தான். சுத்தி வர எல்லா ரிவிட்டு பக்கத்துலயும் விரிசல், ரிவிட்டு ஓட்டை எல்லாம் முட்டை மாதிரி நீண்டிருக்கு. ஒடைஞ்ச வாயில முக்காவாசி மங்கலா, கறுப்பா, லைனிங் தூள் படிஞ்சு கிடக்கு, ஒரு விரக்கடை அகலம் மட்டும் பளபளன்னு புதுசா இருக்கு. "இந்தப் பளபளதான் உனக்கு மலையில கேட்ட டக்கு. மிச்சமெல்லாம் முன்னாடியே ஒடைஞ்சது, தினம் கொஞ்சம் தினம் கொஞ்சமா"ன்னாரு. அப்புறம் ஹப்புக்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொன்னாரு. ஸ்ப்ளைன் பல்லு ஒரு ஓரத்துல கனமாவும் மறு ஓரத்துல தேஞ்சும், ஆப்பு மாதிரி சரிவா இருக்கு. நேரா உக்காந்து ஓடின பல்லு அப்படித் தேயாது.

எனக்கு உடனே ஒரு பயம். கியர் பாக்ஸ் ஏத்தின அன்னைக்கு ராத்திரி செயின் பிளாக் கொஞ்சம் நழுவி, ஒரு நிமிஷம் மொத்தப் பாக்ஸும் டாப் ஷாஃப்டுலயே தொங்குச்சு, ஷாஃப்ட் நுனி ஹப்புக்குள்ள இருந்துச்சு. அப்படித் தொங்கினா ஹப் வளைஞ்சுரும், பிளேட்டு கெட்டுரும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தப்பை ஒத்துக்கிட்டேன். அண்ணன் யோசிச்சாரு. "அதுவும் இருக்கலாம். ஆனா தொங்கவிட்டு வளைஞ்ச பிளேட்டுன்னா முதல் நாளே கிளட்ச் முழுசா விடாது, கியர் விழறப்ப கரகரங்கும். உனக்கு அப்படியா இருந்துச்சு?" இல்ல. எனக்கு இருந்தது வேற. டாப் கியர் ரெண்டு தடவை தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துச்சு. அப்புறம் சேந்தமங்கலம் கடைவீதியில நெரிசல்ல நிக்கறப்ப, கியர்ல போட்டு கிளட்சை மிதிச்சா மட்டும் "கீ...ர்"னு ஒரு மெல்லிசான சத்தம், விட்டா போயிரும். புது பிளேட்டு, செட் ஆனா சரியாயிரும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

கியர்ல போட்டு கிளட்சை மிதிச்சா டாப் ஷாஃப்ட் நின்னுடும், பிளைவீல் மட்டும் சுத்தும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே சாமான் பிளைவீல் நடுவுல ஷாஃப்ட் நுனியைத் தாங்கிக்கிட்டு இருக்கற பைலட் பேரிங். அப்பதான் அது உருளும், அப்பதான் சத்தமும் வரும். அதைக் கழட்டிப் பாத்தா கிரீஸ் காஞ்சு, சுத்தினா மணல் போட்ட மாதிரி கரகரன்னு இருக்கு. அதுவும் 19 நாள் வயசு.

பிளேட்டும் போச்சு, பேரிங்கும் போச்சு, ஸ்ப்ளைனும் கோணையாத் தேஞ்சிருக்கு, டாப் கியரும் நழுவுது. நாலும் ஒரே பக்கம் கையைக் காட்டுது: இன்ஜின் கிராங்க் ஷாஃப்டோட நடுவும் கியர் பாக்ஸ் ஷாஃப்டோட நடுவும் ஒரே கோட்டுல இல்ல.

அண்ணன் சொன்ன கணக்கு எனக்கு ராத்திரியெல்லாம் மண்டையில ஓடுச்சு. நடு விலகி இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் பிளேட்டு ஒரு தடவை வளைஞ்சு நிமிரும், மயிரிழைதான், ஆனா விடாம. 1,900 கிலோமீட்டரை மணிக்கு 35ன்னு ஓட்டினா 54 மணி நேரம், நிமிஷத்துக்கு 1,800 சுத்துன்னு வச்சுக்கிட்டா 58 லட்சம் தடவை வளைஞ்சு நிமிந்திருக்கு. கட்டுக்கம்பியை இருவது தடவை மடக்கி நிமித்தினாலே ஒடைஞ்சு கையில வந்துரும். பாவம் அந்த பிளேட்டு, டூப்ளிகேட்டா இருந்தா 19 நாளே தாங்கியிருக்காது.

மறுநாள் காலையில லேத் பட்டறை ஐயா கிட்ட டயல் கேஜ் (மயிரிழை விலகலையும் ஊசியில காட்டற அளவுக் கருவி) கடன் வாங்கிட்டு வந்தோம். அவரு சும்மா குடுக்கல, கூடவே வந்துட்டாரு, கேஜை எங்க கையில நம்பிக் குடுக்க மனசில்ல. காந்த ஸ்டாண்டைப் பிளைவீல் மேல ஒட்டி, ஊசியை பிளைவீல் ஹவுசிங்கோட (பிளைவீலைச் சுத்தி இன்ஜின்ல மாட்டியிருக்கற கூடு) உள் விளிம்புல, அதாவது கியர் பாக்ஸ் காலர் வந்து உக்கார்ற அந்த வட்டத்துல தொட வச்சாரு. விளிம்பை முதல்ல எமரி போட்டு துரு, பெயிண்டு எல்லாம் எடுக்கணும், இல்லாட்டி ஊசி பொய் சொல்லும். கம்ப்ரஷன் இடிக்காம இருக்க இன்ஜெக்டரைக் கழட்டிட்டு தம்பி முன் புல்லில ராடு போட்டு மெதுவா சுத்தறான். கடிகாரம் மாதிரி நாலு இடம் குறிச்சுக்கிட்டோம். 12 மணியில பூஜ்யம் வச்சோம். 3 மணியில 35 கோடு, 6 மணியில 90, 9 மணியில 55. ஒரு கோடு 0.01 மி.மீ.

ஐயா உடனே மனக்கணக்கா "மேலயும் கீழயும் கூட்டு, 90. ரெண்டு பக்கமும் கூட்டு, அதுவும் 90. அளவு சரி, ஊசி ஏமாத்தல"ன்னாரு. வட்டம் வட்டமா இருந்தா அந்த ரெண்டு கூட்டலும் ஒத்து வரணுமாம், வரலைன்னா ஸ்டாண்டு ஆடுதுன்னு அர்த்தம், திரும்ப அளக்கணும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டறேன், இது எனக்குப் புதுசு. மொத்த விலகல் 0.90 மி.மீ., அதுல பாதி 0.45 ஹவுசிங் கீழ இறங்கியிருக்கு. லாரி கிளட்சுக்குப் பொதுவா சொல்ற எல்லை மொத்தம் 0.20 மி.மீ. நாங்க நாலு மடங்குக்கும் மேல.

ஏன் கீழ இறங்குச்சுன்னு தேடவே வேண்டியதில்ல. அண்ணன் ஹவுசிங் போல்டை லூஸ் பண்ணி விளிம்பைப் பாத்துட்டு, என்னைப் பாத்தாரு. "டவல் பின் எங்க?"

வாங்கின இன்ஜின்ல பிளைவீல் ஹவுசிங்குல ஸ்டார்டர் மோட்டார் உக்கார்ற காது ஒடைஞ்சிருந்துச்சு. அதனால எங்க பழைய இன்ஜின் ஹவுசிங்கைக் கழட்டி இதுல மாட்டினேன். பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல ரெண்டு டவல் பின் இருக்கும், சுண்டு விரல் மொத்தத்துல சின்ன எஃகுக் குச்சி. ஹவுசிங் எந்த இடத்துல உக்காரணும்னு சொல்றது அதுதான், போல்டு வெறுமனே அழுத்திப் பிடிக்கும். போல்டு ஓட்டை போல்டை விட ஒரு மில்லி பெருசாத்தான் இருக்கும், உள்ள போகணும்ல. அப்ப பின் இல்லைன்னா ஹவுசிங் அதோட சொந்தக் கனத்துலயே அந்த இடைவெளி அளவுக்கு, அதாவது அரை மில்லி, கீழ தொங்கி நிக்கும், அப்படியே வச்சு நான் டைட் பண்ணியிருக்கேன். 0.45 எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

பழைய பிளாக்லயே எங்க பின் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னுருச்சு, பழைய பிளாக் எடைக்குப் போயிருச்சு. வந்த இன்ஜின்ல பின் எப்பவோ விழுந்திருக்கு. அப்ப தம்பி மெதுவா சொன்னான், "அண்ணா அன்னைக்கே கேட்டேன்ல, இந்த ரெண்டு ஓட்டை எதுக்குன்னு." கேட்டான்தான். வெறும் ஓட்டை ரெண்டு இருக்குதுண்ணான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போல்டை முறுக்கு"ன்னு சொன்னவன் நான். அண்ணன் சிரிக்கல, திட்டவும் இல்ல, டீ வாங்கிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாரு, தம்பியை அனுப்பல.

காயலான் கடைக்குப் போய் பழைய பிளாக் இருக்கான்னு பாத்தேன், அது போய் ஒரு வாரம் ஆச்சாம். நாமக்கல்ல புதுசாவே ரெண்டு பின் கெடைச்சுது, ரெண்டும் சேத்து 80 ரூபா. பிளாக் ஓட்டையில துருவும் பழைய பெயிண்டும் அடைச்சுக் கிடந்துச்சு, சுத்தம் பண்ணி, பின்னை அலுமினியக் கட்டை வச்சுத் தட்டி இறக்கி, ஹவுசிங்கைப் போட்டா "சொத்"னு ஒரு சத்தத்தோட தானா அதோட இடத்துல போய் உக்காருது. அன்னைக்கு மாட்டினப்ப இந்தச் சத்தம் வரல, எனக்கும் அது தோணல. திரும்ப கேஜ் போட்டோம்: 0, 5, 11, 6. ஐயா கேஜைத் துடைச்சு பொட்டியில வச்சுட்டு "இப்ப ஏத்து"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு, காசு வாங்கல.

கியர் பாக்ஸ் திரும்ப ஏத்தறப்ப இந்தத் தடவை அண்ணன் ஒரு வேலை பண்ணினாரு. ரெண்டு நீள போல்டோட தலையை அறுத்துட்டு ஹவுசிங்ல ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டாரு, கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். பாக்ஸைத் தூக்கி அந்தக் கொம்பு மேல ஏத்தி அப்படியே முன்னாடி தள்ளணும், கனம் முழுக்க கொம்பு வாங்கிக்கும், டாப் ஷாஃப்ட் மேல ஒரு கிராம் கூட விழாது. செயின் பிளாக் நழுவினாலும் கவலை இல்ல. பிளேட்டை நடுவுல நிறுத்த டம்மி ஷாஃப்ட், பழைய கியர் பாக்ஸ்ல இருந்து எடுத்தது, பட்டறையில கதவுக்கு முட்டுக் குடுக்க வச்சிருப்பாரு அதை. பிளேட் புதுசு, பைலட் பேரிங் புதுசு, இறக்கினது இறக்கியாச்சுன்னு ரிலீஸ் பேரிங்கும் மாத்தியாச்சு. பிரஷர் பிளேட் நல்லா இருந்துச்சு, அதையே போட்டோம். பிளேட்டை எந்தக் கடையில வாங்கினேன்னு கேக்காதீங்க, அதே கடைதான், அதே கம்பெனிதான், தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனேன். அவரு ஒண்ணும் பேசல, டீ சொன்னாரு.

செலவுக் கணக்கு: பின்னு 80. மத்ததெல்லாம் அந்த 80 ரூபா போடாததுக்கு வந்த செலவு, பிளேட்டு, பேரிங்கு, மூணு நாள் லோடு, மாமா வண்டிக்கு டீசல், அதையெல்லாம் கூட்டி எழுத எனக்கு மனசு வரல.

வண்டியை வெளிய எடுத்ததும் முதல் வேலையா கியர்ல போட்டு கிளட்சை மிதிச்சுக் காதை வச்சுக் கேட்டேன், அந்தக் "கீர்" இல்ல. சேந்தமங்கலம் ரோட்டுல டாப் கியர்ல போட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, லீவரைத் தொடாமப் பாத்தேன், நழுவல. கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க ஆயில் சீல்ல ஒரு லேசான ஈரம் தெரியுது, அது பழசா இப்ப வந்ததான்னு துடைச்சு விட்டிருக்கேன், 500 கிலோமீட்டர் கழிச்சுப் பாக்கணும்.

அடுத்த நாள் விடியக்காலை திரும்ப கிழங்கு லோடுக்குப் போனோம். காரவள்ளி தாண்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வளைவு வருது, நாங்க ரெண்டு பேரும் பேசல. நாலாவது வர்றதுக்கு முன்னாடி பாத்தா, தம்பி சீட்டுக்கு அடியில இருந்து கட்டையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு கதவுப் பிடியில ஒரு கையைப் போட்டு உக்காந்திருக்கான். நான் ஃபர்ஸ்டுக்கு மாத்தி கிளட்சை விட்டேன். வண்டி ஏறுச்சு. பதினஞ்சாவது வளைவு வரைக்கும் அவன் கட்டையைக் கீழ வைக்கல.